மிஞ்சி

காய்ச்சல் விட்ட பதினோராம் நாள்
கறுவாப்பட்டையை மூக்கில் வைத்தேன்.
மரத்துண்டு.
ஏலம் நசுக்கினேன். விரல்தான் வலித்தது.
கருவாட்டுப் பெட்டியைத் திறந்து
தலையை உள்ளே விட்டேன்:
கழுத்துவரை கருவாடு கிடந்தும்
வெறும் பெட்டி.

இருபத்தாறு வருடப் பண்டாரி நான்.
காத்தான்குடியில் எத்தனையோ மணவீடு
என் சட்டி மூடி திறந்த பிறகுதான்
மணவீடு ஆனது.
இப்போது மணமில்லை எனக்கு.
இது ஜெஸீலாவுக்கு மட்டும் தெரியும்.
இனி உங்களுக்கும்.

வெலிமடையிலிருந்து மரக்கறி கொண்டுவரும் ஜயதிலக
லொறியின் அடியில் நசுங்கிய கட்டொன்றைச்
சும்மா தந்தான்.
"மிஞ்சி முதலாளி, மிஞ்சி."
விற்று மிஞ்சியது என்கிறான் போல, எடுத்துக்கொண்டேன்.
அவன் பாஷையில்
புதினாவுக்கே அதுதான் பேராம்.

அடி ஓட்டையான பழைய சஹன் ஒன்று.
ஆறு பேர் சுற்றியிருந்து சோறு தின்ற தட்டு.
அதில் தும்புத்தூள், ஆட்டுப்புழுக்கை, வளவு மணல்.
கீழ் இலை கிள்ளிய ஐந்து தண்டுகளைக்
கணு புதையக் குத்தினேன்.
எங்கள் கிணறு கொஞ்சம் உவர்,
அரிசி கழுவிய தண்ணீர்தான் கொடுத்தேன்.
கச்சான் காற்று நாலு நாள் அடித்தது.
மூன்று கறுத்தது.
இரண்டு மிஞ்சியது.

அந்த இரண்டும் சும்மா இருக்கவில்லை.
ஒரு மாதத்தில் சஹன் விளிம்பைத் தாண்டி
வெள்ளைக் கொடி ஒன்று இறங்கியது,
குளியல் தண்ணீர் போகும் கானோரம்
அடுத்த கணுவை ஊன்றியது.
போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு சுபஹுக்குப் பிறகும்
ஓர் இலை கிள்ளிக் கசக்கி மூக்கருகில்.
"இண்டைக்கு?" என்பாள்.
"இல்ல."
என் கையைப் பிடித்துத் தன் முகத்துக்கு இழுத்து
அவள் மோந்து சொல்வாள்.
முதல் நாள் சொன்னது:
"புதினா மாதிரி மணக்குது."
அதற்குச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொண்டாள்.
மூன்றாம் கிழமை:
"பல்லு விளக்கின புள்ளைகள் நிறைஞ்ச
பள்ளிக்கூட வேன் மாதிரி."
அன்று முழுக்க அந்த வேன்
என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பாலமுனையில் ஒரு கல்யாணம். இரண்டு மூட்டை அரிசி.
வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
வெயில் ஏறுமுன் அறுக்க உட்கார்ந்தேன்.
பிடுங்கக் கூடாது,
இரண்டு கணு விட்டு மேலே,
கத்தி கூர்மையாக.
இடக்கையில் கட்டு, வலக்கையில் கத்தி,
நழுவிய தழை ஒன்றைப்
பல்லால் பிடித்தேன்.

குளிர்.

நாக்கில் தொடங்கி, அண்ணத்தில் ஏறி,
பூட்டிக்கிடந்த மூக்கின் உள்ளறைகளில்
நடந்தது.
மணமில்லை, சத்தியமாக இல்லை.
ஆனால் ஆள் வந்த வீடு போல
உள்ளே ஓர் அசைவு.

பிறகு ஒவ்வொரு தண்டாகக் கடித்துப் பார்த்தேன்.
அடியிலை: ஆறிய தேத்தண்ணி.
பூ விட்ட தண்டு: கசப்பு, குளிர் செத்தது.
நுனியிலிருந்து இரண்டாம் சோடி:
ஐஸ் வாடியின் கதவு திறந்தது.
அவற்றை மட்டும் சட்டிக்கு,
மற்றதைச் சம்பலுக்குப் பிரித்தேன்.
மூக்கிருந்த காலத்தில்
இத்தனை வித்தியாசம் நான் பார்த்ததேயில்லை,
கட்டோடு போடுவேன்.

மூடி திறந்தபோது
நான் சட்டியைப் பார்க்கவில்லை.
சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தேன்.
முதலில் உதவிக்கார இல்ஹாமின் கண் சுருங்கியது,
பிறகு பந்தல்காரர் திரும்பினார்,
தூரத்தில் குடம் கழுவியவள்
கையை நிறுத்தினாள்.
ஆவி அவ்வளவு தூரம் போயிருக்கிறது.
"கராம்பு கூடிட்டு" என்றார்
மாப்பிள்ளையின் மாமா.
கூடித்தான் இருக்கும். அது குளிராதே,
நான் எப்படி அளப்பேன்?

வெட்டிய இடமெல்லாம்
இப்போது ஒன்று இரண்டாகக் கிளைத்திருக்கிறது.
கானோரத்தில் நத்தை வேறு.
விடிய, அவள் வழக்கம்போல:
"இண்டைக்கு?"

இலையை நாக்கில் வைத்தபடியே
விரலால் பொறு என்று காட்டினேன்.